பிளாஸ்டிக்கைக் கரைத்த சாமியார்

கடைத்தெருவில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மந்திரத்தால் பிளாஸ்டிக் பையைக் கரைக்கும் சாமியார் வந்திருக்கிறார் என்றால் சும்மாவா? அடுத்த மாதம் முதல் பிளாஸ்டிக் பை இருந்தால் கடைக்குச் சீல் என்று நகராட்சி அறிவித்திருந்தது. வியாபாரிகள் மாற்றுப் பை தேடியிருக்க வேண்டும். சாமியாரைத் தேடிப் பிடித்தார்கள்.

வித்தை இதுதான். பக்தர் தன் பையைத் தருவார். சீடர் அதைப் பட்டுத்துணிக்கு அடியில் வைத்துச் 'சுத்தி' செய்து நீட்டுவார். சாமியார் ஆவி பறக்கும் தீர்த்தத்தில் முக்கி முணுமுணுப்பார். நிமிடத்தில் பை மாயம். பிறகு கடையிலுள்ள பைகளுக்கெல்லாம் ஆசி, காணிக்கைக்குத் தக்கபடி. ஆசி பெற்ற பை குப்பையில் தானாக மக்கிவிடுமாம். குப்பைமேட்டுக்குப் போய் யாரும் பார்க்கவில்லை. அங்கே நாறும் அல்லவா.

தெருக்கோடியில் மரவள்ளிக்கிழங்கு மாவில் பை செய்யும் பட்டறை ஒன்று. நடத்துபவள் மளிகைக்கடைக்காரரின் கூடப்பிறந்த தங்கை. அந்த அண்ணனே ஆசி பெற்ற பிளாஸ்டிக்குக்குத் தாவிவிட்டார். மற்றவர்களும் தாவினார்கள். பட்டறையை இழுத்து மூட வேண்டிய நிலை. ஒரே ஒருவர் மட்டும் விடாமல் வாரம் இருநூறு பை வாங்கினார். சாமியாரின் சீடர்.

எதற்கு என்று அவள் யோசித்தாள். யோசிக்க யாரும் காணிக்கை கேட்பதில்லை.

மறுநாள் கொதிக்கும் வெந்நீர்ப் பாத்திரத்தோடு கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

"சாமி, இது எங்க அண்ணன் கடைப் பை. சீடர் தொட வேணாம். நானே தீர்த்தத்துல போடுறேன்."

"சுத்தி பண்ணாத பைக்கு மந்திரம் பலிக்காதும்மா."

"பரவால்ல சாமி, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

போட்டாள். சாமியார் பத்து நிமிடம் கத்தினார். பை பளபளவென்று மிதந்தது. சாமியாருக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

"மானத்த வாங்காத, வீட்டுக்குப் போ" என்று பல்லைக் கடித்தார் அண்ணன்.

"ஒரு நிமிஷம்ணே."

தன் பட்டறைப் பையைத் தன் வெந்நீரில் முக்கினாள். "ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு" என்று வாய்ப்பாடு சொன்னாள். இருபதைத் தொடுவதற்குள் பை கரைந்துபோனது. பட்டுத்துணியை உருவினாள். ஒரு பக்கம் பக்தர்கள் தந்த பிளாஸ்டிக் பைகள், கரையாமல், குவியலாக. மறுபக்கம் அவள் பட்டறை முத்திரையிட்ட கட்டுகளில் மாவுப் பைகள்.

சீடர் முதலில் ஓடினார். சாமியார் குருவாயிற்றே, முந்திக்கொண்டார்.

மறுநாள் காலை அண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"ஐநூறு பை போடும்மா."

கட்டி வைத்தாள். அண்ணன் நகரவில்லை. அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த வாய்ப்பாட்டையும் எழுதிக் குடுத்துடு. அது சொல்லலன்னா கரையாதில்ல?"

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

"பை மக்கட்டும்ணே. மூளைய மக்க விடாதீங்க."