கதிரையில் இருந்த மிதியடி

ஒட்டுசுட்டான் தான்தோன்றீச்சரர் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் சொல்லுகிறவனின் வயலில் யானை இறங்கட்டும்.

"அப்ப இனித் தண்ணி திறக்கிறது ஆர்?" என்று பரமலிங்கம் கேட்டதும் கூட்டம் முழுவதும் அப்புத்துரையைத் திரும்பிப் பார்த்தது.

அது ஐம்பத்தாறாம் ஆண்டு. குடியேற்றத்திட்டக் குளத்தின் துருசைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானை, அப்புத்துரையின் தமையன் தில்லைநாதன். அவர் வயிற்றுவலியோடு வவுனியா ஆசுபத்திரியில் கிடந்தார். விதானையின் கதிரையில் அப்புத்துரை ஏறினால், தமையன் உயிரோடிருக்கப் பதவியைப் பறித்தவன் என்று ஊர் சொல்லும். ஏறாவிட்டால், அதில் நெடுநாளாகக் கண்வைத்திருந்த பரமலிங்கம் ஏறுவார். குடும்ப மானம் இரண்டு பக்கமும் இழுபட்டது.

அப்புத்துரை கோயில் கூத்தில் வருடா வருடம் பரதனாக ஆடுகிறவர். வழி சட்டென்று வெளித்தது. "பொறுங்கோ!" என்று வீட்டுக்கு ஓடினார்.

"அண்ணி, ஒரு மிதியடி தாங்கோ. கெதியா!"

தமையன் மனைவி அன்னபாக்கியம் குசினி அடுப்பு மூலையில் தடவி ஒரு சோடி மர மிதியடியை எடுத்துக் கொடுத்தார். அப்புத்துரை அதைத் தலையில் சுமந்து வந்து கதிரையில் வைத்து விழுந்து கும்பிட்டார்.

"இனி ஆளுறது அண்ணைதான். நான் வெறும் வேலைக்காரன்."

"மிதியடியோ போய்த் துருசு திறக்கப் போகுது?" பரமலிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

மறுநாள் விடியத் துருசு திறந்து கிடந்தது. மிதியடி இரண்டிலும் ஈரச் சேறு.

"பாத்தியளோ! வவுனியாவில கிடந்தாலும் கடமை தவறாத மனிசன்!" என்று அப்புத்துரை நெஞ்சை நிமிர்த்தினார். அதற்குப் பிறகுதான் வாய்க்காலைப் பார்த்தார். யாரோ கரையை வெட்டியிருந்தார்கள். தண்ணீர் வயலுக்குப் போகாமல் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

வெட்டிய இடத்தை மண்போட்டு அடைத்தார்கள். மிதியடியைக் கயிற்றால் கதிரையோடு இறுக்கிக் கட்டினார் அப்புத்துரை. விடிந்தபோது கட்டு அவிழவில்லை. அடைப்பைக் காணவில்லை. கதிரையின் நாலு காலிலும் முழங்கால் அளவு சேறு.

அப்புத்துரை கண்கலங்கினார். "கட்டினது என்ர பிழை. பாவம், வயித்துவலியோட கதிரையையும் இழுத்துக்கொண்டெல்லோ போயிருக்கிறார்!"

"அதுசரி, காட்டுக்கு என்னத்துக்கடா தண்ணி?" என்று கேட்டார் பரமலிங்கம்.

"அண்ணையின்ர கட்டளையைக் கேள்வி கேக்க நான் ஆர்? பரதன் கேட்டவனே?"

விதானையாரின் கட்டளையென்று ஊரே மண்வெட்டியோடு இறங்கிக் காட்டுக்குள் ஒழுங்கான வாய்க்கால் வெட்டியது. வயல்களில் பயிர் மஞ்சளடித்தது. பரமலிங்கம் கதிரைக்கு முன்னால் தேங்காய் உடைத்து, "விதானையார், என்ர வயலுக்கும் ஒரு சொட்டு," என்று அழுதார். மிதியடி அசையவில்லை. பகலில் அது அசைவதில்லை.

தண்ணீர் எங்கேதான் போகிறதென்று பார்க்க அப்புத்துரை வாய்க்காலோடு நடந்தார். போகப் போகக் குருவிச் சத்தம் குறைந்து, பிறகு அதுவும் இல்லை. பாலை மரங்களுக்கு நடுவே பழைய வரம்புகள் தெரிந்தன. வரம்புகளுக்குள் புது நாற்று நட்டிருந்தது, வரிசை பிசகாமல். சேற்றில் எங்கும் காலடிகள். ஆளைத்தான் காணவில்லை.

அவர் திரும்பி ஓடி வரவும், பஸ்ஸால் இறங்கிய தில்லைநாதன் டக், டக் என்று நடந்து வரவும் சரியாக இருந்தது. காய்ந்த வயல்களைப் பார்த்துக் கத்தினார்.

"ஆரடா என்ர குளத்தை ஆளுறது?"

"நீங்கள்தான் அண்ணை! உங்கட மிதியடிதான்!"

"விசரா! என்ர மிதியடி என்ர காலிலயெல்லோ கிடக்குது!"

எல்லாரும் அன்னபாக்கியத்தைப் பார்த்தார்கள். அவர் முந்தானையில் கையைத் துடைத்தார்.

"தம்பி மிதியடி கேட்டார், குடுத்தன். ஆரின்ர மிதியடியெண்டு கேட்டவரே? அது எங்கட கிணறு வெட்டேக்க கிளம்பின எலும்புக்கூட்டின்ர காலில கிடந்தது. கிரீடமும் இருக்குது, வேணுமே?"