கிள்ளிப் பார்த்து ஊர் சொல்பவர்

பெயரைக் கேட்பதற்கு முன்பே ஊரைக் கேட்கும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. பூர்வீகம் விசாரிப்பவர். சிவகாசி பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டில்தான் உட்காருவார். "தம்பி எந்த ஊரு?" சொல்வீர்கள். "அது சரி, சொந்த ஊரு?" அதையும் சொல்வீர்கள். "அது இருக்கட்டும், பூர்வீகம்?" நீங்கள் ஆதாம்வரை போய் நின்றாலும், "ஆதாமுக்குத் தாய்வழி எந்தப் பக்கம்?" என்பார்.

விருதுநகர் மிளகாய் வியாபாரி ஜமால் முகம்மது இந்த இனத்தின் அசல் சரக்கு. வற்றலைக் கிள்ளி, முகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டே இது சாத்தூர் சம்பா, இது முதுகுளத்தூர் முண்டு என்று சொல்லிவிடுவார். அதே மூக்கைக் கடை ஆளிடமும் டாக்டரிடமும் வாசலில் கீரை விற்பவளிடமும் நீட்டுவார். கடைசியில் மருமகளிடமும் நீட்டினார். அங்கேதான் வினை.

2006இல் மகன் முஹ்சின் ஷார்ஜாவிலிருந்து நாற்பது நாள் லீவில் வந்திருந்தான். அதற்குள், அவனுக்குப் பிடித்துப்போன உள்ளூர்ப் பெண் பர்ஹத்தை நிக்காஹ் செய்தாக வேண்டும். அடுத்த லீவுக்கு இரண்டு வருஷம், பெண் வீட்டார் காத்திருக்க மாட்டார்கள். காலண்டரில் தாள் கிழிகிறது. அத்தா ஜமால் முகம்மதோ, "அவுக இந்த ஊருக்கு வந்தே இருவது வருசந்தானலே? அதுக்கு முந்தி?" என்பதைத் தாண்டவில்லை.

பன்னிரண்டாம் நாள் பர்ஹத்தே தாயாரோடு வந்தாள். கடல்பாசியில் ஆராய்ச்சி செய்கிற பெண்.

"பாசில என்னம்மா ஆராய்ச்சி?"

"நம்ம கடல்லயே வெளஞ்சது எது, வெளிநாட்டுல இருந்து கொண்டுவந்து வளத்தது எதுன்னு மரபணுவ வச்சுப் பிரிப்போம் மாமா. கண்ணால பாத்துச் சொல்ல முடியாது."

ஜமால் முகம்மது நிமிர்ந்து உட்கார்ந்தார். தம் தொழிலுக்கு ஒரு படிப்பே இருக்கிறதா! உள்ளே ஓடி, நோன்பு திறக்கையில் காய்ச்சிச் சாப்பிடவென்று வாங்கிவைத்த காய்ந்த பாசி இரண்டு பையைத் தூக்கிவந்தார். ஒன்றைக் கிள்ளி முகர்ந்தார்.

"இது நம்ம கடலு. அசலு." மற்றதைத் தள்ளினார். "இது வரத்து. கொண்டுபோயிப் பாரும்மா. ஏம் மூக்கு சொன்னது மாறுச்சுன்னா மறுபேச்சே இல்ல, நிக்காஹ்தான்."

ஒரு மனிதனின் கல்யாணம் இப்படி ஒரு பிடிப் பாசியில் தொங்கியதுண்டா? முஹ்சின் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றான்.

முப்பத்தோராம் நாள் தபால் வந்தது. அவனே உரக்கப் படித்தான். அத்தா அசல் என்றது பிலிப்பைன்ஸ் வழி வந்தது. தள்ளிவிட்டது மன்னார் வளைகுடாவில் தொன்றுதொட்டு விளைவது. அடியில் பர்ஹத் ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'மிளகாயும் கப்பலில் வந்ததுதான் மாமா.'

வெட்கப்பட்டாரா? இந்த இனத்துக்கு அந்த உறுப்பே கிடையாது. கடிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதச் சொன்ன மெஷினு எந்த ஊருலே?"

அடுக்களையிலிருந்து மனைவி பைரோஜாவின் குரல் வந்தது. "அது எந்த ஊரா இருந்தா ஒங்களுக்கென்ன? வாக்குக் குடுத்தீகள்ல? இப்பமே பள்ளிவாசலுக்குப் போயித் தேதி குறிச்சிட்டு வாங்க. இல்லாட்டி, மத்தியானச் சோறு எந்த ஊருல இருந்து வருதுன்னு நானும் பாக்கேன்."

போனார். முப்பத்தெட்டாம் நாள் நிக்காஹ். ஓத வந்த ஹஜரத்தின் பக்கம் மெல்லச் சாய்ந்து, "ஹஜரத்துக்குப் பூர்வீகம்?" என்று கேட்டது மைக்கில் ஊருக்கே கேட்டது.

சிரியுங்கள், தாராளமாக. ஆனால் பர்ஹத்தின் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று இதில் எங்குமே சொல்லவில்லை. அதைத் தேடி இப்போது மேலே ஓடுகிறதே ஒரு கண், அது யாருடையது?