அறிவிப்பாளர் வீட்டுக்கு வந்த வெள்ளைப் பூனை

இந்த வீட்டில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை அந்தப் பூனை இருக்க வேண்டும் என்று அறிவிப்பாளர் ஒரே முடிவாக முடிவு கட்டிவிட்டார்.

இருபத்தாறு வருடமாகப் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவர் அவர். ஒலிபெருக்கி பழுதான ஒருநாள், வெறும் வாயாலேயே கத்தி, கிளம்பிப்போன பேருந்தைத் திரும்ப வரவழைத்தவர். அப்பேர்ப்பட்ட குரல் வீட்டில் மட்டும் செல்லுபடியாகவில்லை. ஒரு டம்ளர் தண்ணீருக்குக் கத்தினாலும் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

"சிறப்புக் கவனிப்பு தேவைப்படற பூனைங்க அது," என்றாள் மனைவி. "மூணு வீட்ல வச்சுக்க முடியலேன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம்."

"என்னையே இங்க கவனிக்க ஆளில்லை. அதுக்குச் சிறப்புக் கவனிப்பா?"

"நீங்க சாதாரணக் கவனிப்புங்க. அது சிறப்பு."

"முடியாதுன்னா முடியாது!"

"பிராணிகள் காப்பகத்து அம்மா நாளைக்குப் பத்து மணிக்குப் பூனையோட வர்றாங்க. வீடு ஒத்துவரலேன்னா கையோட எடுத்துட்டுப் போயிடுவாங்க." அவள் குரல் இறங்கியது. "உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். சத்தம் மட்டும் போட்டுடாதீங்க."

அறிவிப்பாளருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. எதிரியே ஆயுதத்தைக் கையில் கொடுத்துவிட்டாள்!

மறுநாள் உப்புத் தண்ணீரில் மூன்று முறை தொண்டையைக் கொப்பளித்துவிட்டுக் காத்திருந்தார். காப்பகத்து அம்மா வந்தார். கூடத்தின் நடுவில் கூடையை வைத்துத் திறந்தார். வெள்ளை வெளேரென்று ஒரு பூனை தலையை நீட்டியது. அறிவிப்பாளர் அதற்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து, அடிவயிற்றிலிருந்து எடுத்துவிட்டார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாடிவீட்டில் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள்.

"இந்த வீடு பூனைகளுக்கு நிற்காது! பூனைகள் உடனே இறங்கிக்கொள்ளவும்!"

பூனை இறங்கியது. கூடையிலிருந்து. தரையில் காலை ஊன்றி ஒரு கணம் நின்றது. பிறகு நேராக நடந்து வந்து, அவர் மடியில் ஏறி, நெஞ்சில் தலையை அழுத்திப் படுத்துக்கொண்டது.

"இன்னொரு தடவை கத்துங்க சார்!" காப்பகத்து அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எதுக்கு?"

"அதுக்குப் பிறவியிலேயே காது கேக்காது சார். அதிர்வு மட்டும்தான் தெரியும். நாங்க பேசறது எதுவும் அதுக்கு எட்டினதே இல்லை. இன்னிக்குத்தான் முதல் தடவையா ஒரு மனுஷன் பேசறது அதுக்குத் தெரியுது."

எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தார். நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு அது குர்ரென்றது. இத்தனை வருடத்தில் அவர் கூப்பிட்ட குரலுக்கு இந்த வீட்டில் வந்த முதல் ஜீவன். அதற்கும் காது கேட்காது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சலாகவும் இருந்தது.

"கையெழுத்து எங்க போடணும்?" என்றார், முடிந்தவரை முறைப்பாக.

"இங்க சார். காலைல அரை மணி, சாயங்காலம் அரை மணி இப்படியே பேசணும். சாப்பாடு, அது வெளிக்குப் போற மணலை மாத்தறது எல்லாம் நீங்கதான். விண்ணப்பத்துல பராமரிப்பாளர்னு உங்க பேரைத்தானே உங்க வீட்டம்மா எழுதியிருக்காங்க."

அறிவிப்பாளர் மனைவியைப் பார்த்தார். "சத்தம் போடாதேன்னு சொன்னியேடி!"

"சொன்னேன். நான் சொல்லி என்னிக்குக் கேட்டிருக்கீங்க?"

காப்பகத்து அம்மா காலிக் கூடையோடு வாசலுக்குப் போனார். அங்கே நின்று, இரண்டு காதிலிருந்தும் பஞ்சை உருவி மனைவியிடம் நீட்டினார்.

"நல்லவேளை, நேத்தே கொடுத்தனுப்பினீங்கம்மா."