மூன்றாவது பொத்தான்

பொதுமக்களின் விண்ணப்பங்களை மேலிடத்துக்கு அனுப்புவதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. அதன் இணையதளம் நலமா என்று தினமும் காலையில் ஒரு கணினி நிரல் சோதிக்கும். புதிதாக ஒரு மாதிரி விண்ணப்பத்தைத் திறக்கும். ‘அனுப்பு’ என்ற மூன்றாவது பொத்தானை அழுத்தும். திரையில் ‘வெற்றிகரமாக’ என்ற சொல் வந்தால் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு.

நிரலை எழுதிய சோதனைக்காரிக்குத் தற்காலிக வேலை. முப்பது நாள் தொடர்ந்து பச்சை எரிந்தால் நிரந்தரம். ஆனால் ஒரு வாரம்கூடத் தொடர்ந்து எரிந்ததில்லை. தளத்தின் அலங்காரம் இயக்குநருடைய மைத்துனரின் பொறுப்பு. புதுப் பாணி வரும்போதெல்லாம் பொத்தான்கள் இடம் மாறும்.

"ஐயா, ஒவ்வொரு பொத்தானுக்கும் உள்ளுக்குள்ள ஒரு பேர் வெச்சிடலாம். எங்கே நகர்ந்தாலும் நிரல் பேரை வெச்சுக் கண்டுபிடிச்சிடும்," என்றாள் இயக்குநரிடம்.

"எத்தனை நாளாகும்?"

"அரை மணி நேரங்க."

"அரை மணி நேர வேலைக்கு எப்படிம்மா குழு போடறது?"

"வெளியே தெரியாத பேர் எதுக்கு, அத்தான்?" என்றார் மைத்துனர். அலுவலகம் என்பது நினைவுக்கு வந்து, "ஐயா" என்று திருத்திக்கொண்டார்.

‘பொத்தான்கள் தத்தம் இருக்கையை விட்டு அகலலாகாது’ என்று சுற்றறிக்கை வந்தது. மைத்துனர் பணிந்தார். பொத்தான்களைத் தொடவில்லை, அவற்றின் வேலைகளை மட்டும் மாற்றினார். ஐந்து பொத்தான்களில் நடுவே சின்னச் சொல் இருந்தால்தான் அழகாம். ‘அனுப்பு’ ஓரத்துக்குப் போனது. ‘அழி’ நடுவுக்கு வந்தது.

முப்பது நாளும் பச்சை எரிந்தது. இத்தனை நம்பகமான நிரல் சும்மா இருக்கலாமா? பொதுமக்களுடையதும் ஊழியர்களுடையதுமாகத் தேங்கிய விண்ணப்பங்களை அனுப்பும் பணியும் அதனிடமே ஒப்படைக்கப்பட்டது. ஒரே காலையில் தேக்கம் தீர்ந்தது. அலுவலகமே கைதட்டியது.

"ஐயா, என் நிரந்தர ஆணை..."

"உன் கோப்புதாம்மா முதல்ல போச்சு."

அவள் திரையைத் திறந்து, தன் பெயருக்கு எதிரே இருந்ததை முதன்முறையாக முழுதும் படித்தாள்: ‘வெற்றிகரமாக அழிக்கப்பட்டது’. இரண்டாவது சொல்லைப் பார்க்கும்படி நிரலுக்கு அவள் சொல்லவே இல்லை. முதல் சொல்லே போதும் என்று இருந்துவிட்டாள்.

இயக்குநர் அவள் பக்கமாகக் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "என் பணி நீட்டிப்பும் அதுலதான் இருந்துச்சு. இந்த மாசம் ரிட்டயர் ஆகணும் பாரு. போயிடுச்சில்ல?"

சோதனைக்காரி விளக்கைப் பார்த்தாள். பச்சையாகத்தான் எரிந்தது.

"போயிடுச்சுங்க ஐயா," என்றாள். "வெற்றிகரமா."