சியாமாச்செட்டியில் ஒரு சவாரி

மேசைக்கு அடியில் கிடந்தபோதுதான் சிவமணிக்குத் தான் செய்த காரியம் விளங்கியது. மேலே ஒரு குட்டி விமானம் உறுமிக்கொண்டு தாழப் பறந்து போனது. அதே சத்தம். எண்பத்தாறில் யாழ்ப்பாணத்தில் குண்டு போட்டு அவனுடைய அக்காவைக் கொண்டுபோன, சனம் சியாமாச்செட்டி என்று சொல்லும் குண்டுவீச்சு விமானத்தின் சத்தம்.

சிட்னிக்கு மேற்கே ஒரு சின்ன விமான நிலையம் அது. பழைய போர் விமானங்கள் வந்து வித்தை காட்டும் நாள். சிவமணிக்கு அங்கே துப்புரவு வேலை. படகில் வந்து, பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விசாவில் தொங்குகிற மனுஷன். நிரந்தர விசாவுக்கு அமைச்சரிடம் மனுப் போடப்போகிறான். அதற்கு மனேஜர் கிரெக் ஒரு நல்ல வார்த்தை எழுதித் தர வேண்டும்.

"என்ன சிவா, கீழ?" கிரெக் குனிந்து பார்த்தார். பேசியது ஆங்கிலத்தில்தான். சிவமணியின் ஆங்கிலத்தை அப்படியே எழுதினால் பாவம், ஆகவே எல்லாரும் தமிழிலேயே பேசட்டும்.

"நாரி பிடிச்சிட்டுது, இடுப்பை நிமிர்த்தேலாமல் போச்சு. அதான் கொஞ்சம் படுத்தனான்."

"நாரி வருத்தமா? பிறகு நான் எப்பிடி உன்னை நல்ல வேலையாள் எண்டு எழுதுறது?"

அட கடவுளே. சிவமணி பாய்ந்துபோய்த் தண்ணீர்ப் பெட்டிகள் இரண்டை ஒன்றாகத் தூக்கிக் காட்டினான். அந்த நேரம் பார்த்து விமானம் திரும்பி வந்தது. பெட்டிகள் கிரெக்கின் காலில் விழுந்தன. போதாக்குறைக்கு, "படுங்கோ" என்று கத்தி அவரையும் புல்லில் சாய்த்து, மேலே படுத்துக்கொண்டான்.

பார்த்த சனம் கைதட்டியது.

கிரெக் நொண்டிக்கொண்டு எழும்பினார். "விமான நிலையத்தில வேலை செய்யிற உனக்குப் பிளேன் பயமா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லிச் சொல்லித்தானே பன்னிரண்டு வருடம் போனது. அகதி விசாரணையில் ஒருவனும் நம்பவில்லை. "பயமோ? எனக்குப் பிளேன் எண்டா உயிர்" என்றான்.

கிரெக்கின் முகம் மலர்ந்துவிட்டது. "இதை முதலே சொல்லியிருக்கலாமே. வா."

அதே குட்டி விமானத்தின் அடுத்த பறப்பில் இலவச இடம். பெல்ட்டைக் கட்டி இருத்தியும் விட்டார்கள். இறங்கி ஓடினால் மனு போச்சு. அக்காவைக் கொன்ற அதே ரகப் பிளேனுக்குள் பல்லைக் காட்டிக்கொண்டு குந்தியிருக்கிறோமே என்று அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கிரெக் கீழே நின்று படம் எடுத்தார்.

பக்கத்து இருக்கைக் கிழட்டு விமானி, "எந்த ஊர் நீ?" என்று கேட்டார்.

"ஸ்ரீலங்கா. யாழ்ப்பாணம்."

கிழவருக்குச் சந்தோஷத்தில் ஒரே புழுகம். "அப்ப நீங்கள் ரெண்டு பேரும் ஒரே இடம். இந்தப் பிளேனும் அங்க விமானப்படையில இருந்ததுதான். எண்பதுகளில உன்ர ஊருக்கு மேலதான் வேலை."

சிவமணி இருக்கையைத் தடவிப் பார்த்தான். "இதை எப்பிடி இந்த நாட்டுக்குள்ள விட்டவங்கள்?"

"அதுக்கென்ன கஷ்டம்? கடலாலதான் வந்தது. முந்தி என்ன செய்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. ரெண்டு மாதத்தில இஞ்ச நிரந்தரமா இருக்கப் பதிஞ்சு குடுத்திட்டாங்கள்."