டிக்கெட் எடுக்காதவளின் பையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்

அன்புள்ள வக்கீல் மச்சானுக்கு,

இங்கே என் ரத்த அழுத்தத்தைத் தவிர மற்ற அனைவரும் சுகம். அங்கே உங்கள் கட்சிக்காரர்களைத் தவிர மற்ற அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அக்காவுக்கு முழங்கால் வலி தேவலை. நிற்க. ஒரு வழக்குப் போட வேண்டும். நம் வீட்டில் திருடு போய்விட்டது. திருடு போனது திருட்டுப் பொருள்தான் என்பதால் உங்களிடம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அக்கா மகள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். தானாகவே ஜப்பானிய மொழி படித்தாள் என்பது தெரியாது. டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிறவளுக்கு ஜப்பானிய எழுத்து எம்மாத்திரம்? படித்ததோடு விட்டாளா என்றால், இல்லை. அனிமே என்று சொல்கிறார்களே, அந்த ஜப்பான் பொம்மைப் படத்தில் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி, நம் மொழியில் சப்டைட்டில் எழுதி, ஊர் உலகத்துக்கெல்லாம் சும்மா கொடுத்திருக்கிறாள். வயதான ஒரு பெண்மணி பறக்கும் கப்பலுக்குத் தலைவியாக இருக்கிற கதை. விஷயம் தெரிந்ததும் எனக்கு ஆகாயம் இடிந்து விழுந்தது. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராகவே காலம் தள்ளி, சொந்தச் சித்தப்பாவிடமே அபராதம் வசூலித்த என் வீட்டில் ஒரு வித்தவுட்டா?

"யாரைக் கேட்டுக்கிட்டு இதைச் செஞ்சே?" என்றேன்.

"கேக்கறதுக்கு இங்க ஆள் இல்லப்பா. இந்தப் படத்தை நம்ம நாட்டுல யாரும் விக்கவே இல்ல. நீங்க பஸ்ஸே விடாத ஊருக்கு நடந்து போறேன், அதுக்கும் டிக்கெட் கேப்பீங்களா?"

"நடந்து போ, வேண்டாங்கல. பஸ்ஸை எதுக்குத் தூக்கிக்கிட்டுப் போறே?"

இப்படி ஒரு வாரம் வீட்டில் விவாதம். சாம்பார் தீய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் அவள் ஒரு வாக்குக் கொடுத்தாள். முறைப்படி படம் வெளிவந்தால் அன்றே தன்னுடையதை நீக்கிவிடுவாளாம், காசு கொடுத்து அதை வாங்கவும் செய்வாளாம். சொல்லிவைத்தாற்போல வெளிநாட்டில் அந்தப் படத்தின் டிஸ்க் வந்தது, நம் மொழி சப்டைட்டிலோடு. நம் மொழி இருக்கிறதே தவிர, நம் நாட்டில் விற்பனை இல்லை. அன்றே தன்னுடையதை நீக்கினாள், சம்பளத்தைப் போட்டு டிஸ்க்கை வரவழைத்தாள். பார்சலைச் சுங்கத்தில் நிறுத்திவைத்து, "உள்ள என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். பொம்மைப் படம் என்றாளாம். "இந்த விலைக்கா? உண்மையைச் சொல்லும்மா" என்று பிரித்துப் பார்த்துவிட்டு, ஏமாந்த முகத்தோடு வரி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கருவியில் போட்டால், இந்த டிஸ்க் இந்தப் பிரதேசத்தில் ஓடாது என்கிறது! ஏதோ ஒரு பூட்டாம். அதைத் திறந்தால் அதுவும் குற்றமாகலாம் என்று பயந்துகொண்டே திறந்தாள். சும்மா பார்த்தது ஒரு குற்றம், காசு கொடுத்துப் பார்த்தது இன்னொரு குற்றம். உங்கள் சட்டத்தை எழுதியவர்கள் படமே பார்ப்பதில்லையா மச்சான்?

இனிமேல்தான் விஷயமே. படம் ஓடுகிறது. கப்பல் தலைவி ஒரு மாலுமியைப் பார்த்துச் சொல்கிறாள்: "இறங்குற இடம் தெரியாதவனெல்லாம் எதுக்குய்யா ஏறுறீங்க?" நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். மச்சான், அது என் வசனம்! பணியில் இருந்த காலமெல்லாம் நான் பஸ்ஸில் சொன்னது! ஜப்பானியத்தில் இருப்பது வேறு ஏதோ தத்துவமாம். அப்பா ஞாபகமாக இவள்தான் அப்படி எழுதினாளாம். கொஞ்ச நேரத்தில் "பறவைகள்" என்பதற்குப் பதில் "பரவைகள்" பறந்தன. அதுவும் இவள் விட்ட பிழைதான். ஒரு எழுத்து மாறாமல் அப்படியே சுருட்டி டிஸ்க்கில் ஏற்றிவிட்டார்கள். அவள் எழுந்தாள். சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினாள். பின்னாலேயே போனேன். "அவங்க வேற மாதிரி, என்னைவிட நல்லா எழுதியிருப்பாங்கன்னு நெனச்சேன்ப்பா. அதைப் பாக்கத்தான் வாங்கினேன்" என்றாள். எனக்கு மனசு ஆறவில்லை.

அந்த டிஸ்க்குக்கு நம் மொழி சப்டைட்டில் எழுதும் வேலையைக் குத்தகைக்கு எடுத்த நிறுவனம் நம் ஊரில்தான், செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. நேரே போனேன். மேலாளர் என்னை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார்: "உங்க பொண்ணு போட்டதே அனுமதி இல்லாம போட்டது சார். அதுல அவங்களுக்கு என்ன உரிமை இருக்கு?"

"தம்பி, டிக்கெட் எடுக்காதவங்களுக்கு அபராதம் போடலாம். அவங்க பையைத் தூக்கிக்கிட்டு இறங்கிப் போகலாமா?"

மேலாளர் ஆளைக் கூப்பிட்டார். டீ வாங்கிவரச் சொன்னார். மேலிடத்தில் பேசுவதாகவும் சொன்னார். டீ மட்டும் வந்தது. ஆகவே அவளுடைய உழைப்புக்காக ஒரு வழக்கும், என் வசனத்துக்காகத் தனியாக ஒரு வழக்கும் உடனே தொடுக்கவும். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உண்மையையே பேசும்
உங்கள் அத்தான்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. அந்த நிறுவனம் நம் பெண்ணுக்கே வேலை கொடுத்துவிட்டது, அவளும் சேர்ந்துவிட்டாள். இனி அவர்களுடைய படங்களுக்கு அவள்தான் சப்டைட்டில். கூடவே, அனுமதியில்லாமல் பிரதி எடுத்துப் பரப்புகிறவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவதும் அவள் பொறுப்பு. மேலே எழுத ஒன்று விட்டுப்போயிற்று. என் வசனம் வந்த பெருமையில் அந்த டிஸ்க்கைப் பிரதி போட்டு, டிப்போவில் பழைய கூட்டாளிகள் எல்லோருக்கும் கொடுத்திருந்தேன். இன்று காலை, தன் முதல் எச்சரிக்கைக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில், என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆகவே மச்சான், நீங்கள் வாதாட வேண்டியது அவளுக்காக அல்ல, எனக்காக. கடிதத்தின் அடியில் பேனாவால் எழுதியிருக்கிறாள்: "வரும்போது காய்கறி வாங்கிட்டு வரேன்ப்பா. பதிலை மட்டும் ஏழு நாளைக்குள்ள எழுத்துல குடுத்துடுங்க."