சலுகையில் ஓடும் கார்

சலுகைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. தயவுசெய்து கஞ்சனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கஞ்சன் காசை வெளியே எடுக்கவே மாட்டான். சலுகைக்காரர் அப்படியா? தள்ளுபடி என்று ஒரு பலகையைக் கண்டால் போதும், வீட்டுப் பத்திரத்தையே எடுத்து நீட்டிவிடுவார்.

இந்த இனத்தில் நான் கிட்டே நின்று பார்த்தவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நல்ல மனிதர். தொழிலில் கெட்டிக்காரர். ஆனால் எங்காவது விலை குறைந்தால் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். ஒருமுறை நாய் பிஸ்கட் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று ஆறு பெட்டி வாங்கி வந்தார். வீட்டில் நாய் இல்லை. அதைச் சுட்டிக்காட்டிய மனைவியை, உலக ஞானமே இல்லாத பெண் என்பதுபோல் பார்த்து, "நாய் எப்ப வேணா கிடைக்கும், இந்த விலை கிடைக்குமா?" என்று கேட்டார்.

இப்படிப்பட்டவர் கண்ணில்தான் ஒரு நாள் காலை, காப்பியும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது, அந்தச் செய்தி பட்டது. எரிவாயுவில் ஓடும்படி மாற்றப்பட்ட கார்களுக்கு இனி வாகன வரியில் சலுகை. காப்பி ஆறிப்போனது. அவரோ செய்தியை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை படித்துவிட்டு, நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"போச்சு! வருஷா வருஷம் நமக்கு நஷ்டம்!"

"நமக்கென்னங்க நஷ்டம்? நம்மகிட்டதான் காரே இல்லையே" என்றாள் மனைவி.

"அதனாலதான் சொல்றேன். கார் இல்லாததால சலுகை கையைவிட்டுப் போகுது."

"கார் இல்லாதவங்களுக்கு வரியே கிடையாதுங்க."

"வரியே இல்லைன்னா சலுகையை எதுலேருந்து கழிப்பாங்க? கொஞ்சம் யோசிச்சுப் பேசும்மா."

அவள் யோசித்தாள். எவ்வளவு யோசித்தும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். அவர் அதற்குள் பழைய கார் ஒன்றைப் பேசி முடித்து, அதில் கேஸ் பொருத்தச் சொல்லி, வாடிக்கையாளர் யாரோ கொடுத்துவைத்திருந்த முன்பணத்தையும் அதில் போட்டுவிட்டு வந்திருந்தார்.

மெக்கானிக் சிலிண்டரை டிக்கியில் ஏற்றினார். அதற்குப் பிறகு அந்த டிக்கியில் ஒரு கைக்குட்டை வைக்கக்கூட இடமில்லை. ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு பட்டன் வைத்து, "சார், இப்படித் தட்டினா கேஸ், அப்படித் தட்டினா பெட்ரோல். வழியில கேஸ் தீர்ந்துட்டாலும் கவலையில்லாம போயிட்டே இருக்கலாம்" என்றார்.

"பெட்ரோல்ல ஓட்டினா சலுகை போயிடாதா?"

"அதெல்லாம் ஒண்ணும் போகாது சார்."

சலுகைக்காரர் நம்புவாரா? வரி அலுவலகத்தில் போய்க் கேட்டார். அங்கிருந்த அலுவலர் முத்திரையை ஓங்கிக் குத்திவிட்டு, "நீங்க எதுல ஓட்டினா எங்களுக்கென்ன சார்? தண்ணியில கூட ஓட்டுங்க. அடுத்த ஆள் வாங்க" என்றார். நம் ஆள் வெளியே வந்து, இவர்கள் ஆழம் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டினார். ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒளிந்திருந்து, பெட்ரோல் வாசனை வருகிறதா என்று மோப்பம் பிடிக்கிறார்கள். நேராக மருந்துக் கடைக்குப் போய் பிளாஸ்திரி வாங்கி அந்தப் பட்டன்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிட்டார்.

அன்று முதல் அவர் பழைய மனிதர் இல்லை. கடையில் கண் பரிசோதனைக்கு மாட்டியிருந்த எழுத்து அட்டையைக் கழற்றிவிட்டு, சலுகை அறிவிப்பைப் பெரிதாக்கி மாட்டினார். கண் மங்கிப்போய் வந்தவர்களெல்லாம் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு, "எரிவாயு... வாகனங்களுக்கு..." என்று எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். கடைசி நிபந்தனைவரை தடங்கலில்லாமல் படித்தவருக்குக் கண்ணாடி தேவையில்லை என்று அர்த்தம். ஆனால் அவரையும் சும்மா விடுவாரா? "உங்களுக்குக் கார் இருக்கா? இல்லையா? ஐயையோ!" என்று துக்கம் விசாரிப்பார்.

இப்போது அந்தக் காரின் கதைக்கு வருவோம். ஊரில் கேஸ் போடும் பங்க் ஒன்றே ஒன்று. அது ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. இவர் வீடு இந்தக் கோடியில். பங்கில் எப்போதும் அனுமார் வால்போல் வரிசை. காத்திருந்து நிரப்பிக்கொண்டு, நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தால், முள் இறங்கியிருக்கும். முள் இறங்கினால் இவருக்கு நெஞ்சு இறங்கிவிடும். உடனே வண்டியைத் திருப்பிக்கொண்டு நிரப்பப் போவார். ஆக, அந்தக் கார் கேஸ் போடுவதற்காக ஓடியது. ஓடுவதற்காகக் கேஸ் போட்டுக்கொண்டது. வேறெங்கும் போனதில்லை. கடைக்கு அவர் நடந்துதான் போனார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். அந்த அக்கா மட்டும் இல்லாவிட்டால்.

மனைவிக்கு ஒரே அக்கா. தாயில்லாத வீட்டில் தங்கைக்குத் தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, கல்யாணமும் செய்துவைத்தவள். பக்கத்து நகரத்தில் இருந்தாள். இப்போது வெளிநாட்டிலிருக்கும் மகன் கூப்பிட்டுக்கொள்கிறான். இனி திரும்பி வருகிற உத்தேசம் இல்லை. "போறதுக்குள்ள ஒரு நாள் வந்துட்டுப் போடி. என் சேலையெல்லாம் உனக்குத்தான் எடுத்து வெச்சிருக்கேன்" என்று போனில் அழுதாள்.

"பஸ்ல போயிட்டு வந்துடறேனே" என்றாள் மனைவி.

"வாசல்ல சலுகைக் கார் நிக்குது, நீ பஸ்ல போனா பார்க்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"அப்ப கார்லயே கூட்டிட்டுப் போங்க."

"போற வழியில கேஸ் கிடையாதே."

"பெட்ரோல்ல போகலாமே."

அவர் காதைப் பொத்திக்கொண்டார். அந்த வழியில் ஒரு பங்க் வரப்போகிறதாம், வரட்டும் என்றார். ஒரு ஞாயிறு போனது, இன்னொரு ஞாயிறும் போனது. பங்க் வரவில்லை. அக்காவின் விமானம் மறுநாள் ராத்திரி என்கிற நிலையில், "சிலிண்டர் நிறைய இருந்தா ஒரு பக்கம் போய்ச் சேர்ந்துடலாம். விடிஞ்சதும் நிரப்பிட்டு வந்துடறேன், நீ கிளம்பி உட்காரு" என்றார்.

"திரும்பி வர்றதுக்கு?"

"அதை அங்க போய் யோசிப்போம்."

டிக்கியில் இடமில்லாததால் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து பழகினாள். வெயில் ஏறியது. போன் செய்தாள். "இதோ, இன்னும் கொஞ்சம் வண்டிதான்." மறுபடி செய்தாள். "நகருது, நகருது." மூன்றாவது தடவை அவள் போன் செய்யவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அந்தப் பஸ் ஊரெல்லாம் சுற்றி ஆளேற்றிக்கொண்டு பங்க் வழியாகத்தான் போக வேண்டும். வரிசையில் நின்ற கார்கள் சாலையை அடைத்திருந்ததால் அங்கே நின்றும் விட்டது. சலுகைக்காரர் தற்செயலாக நிமிர்ந்தார். தலைக்குமேல் ஜன்னலில் மனைவி. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணாடியை இறக்கி, கழுத்தை வெளியே நீட்டி, உயிர் போகிற அவசரத்தில் கத்தினார்:

"ஏம்மா! போக வர சேர்த்து எடுத்தா டிக்கெட்ல சலுகை உண்டு! கேட்டியா?"

அவள் குனிந்து பார்த்தாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் பார்த்திராத ஒரு சிரிப்பு அவள் முகத்தில் வந்தது.

"கேக்கலைங்க! முழுக் காசு கொடுத்துதான் போறேன்! போறதுக்கு மட்டும்தான் எடுத்திருக்கேன்!"

பஸ் நகர்ந்துவிட்டது.

நெஞ்சில் ஈரமில்லாதவர் அல்ல அவர். போறதுக்கு மட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் புரிந்தது. அந்தப் பிளாஸ்திரியைப் பிய்த்தெறிந்துவிட்டு, பஸ்ஸை விரட்டிப் பிடித்து, இறங்கும்மா, நானே கூட்டிட்டுப் போறேன் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. நகத்தால் ஒரு முனையைக் கிளப்பியும்விட்டார். பாதி உரிந்தது. பட்டன் எட்டிப் பார்த்தது. அப்போது பின்னாலிருந்த வண்டி ஹாரன் அடித்தது. முன்னால் ஒரு கார் அளவுக்கு இடம் விழுந்திருந்தது. இவ்வளவு நேரம் நின்றாகிவிட்டதே! அவர் பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டிவிட்டு, வண்டியை ஒரு கார் தூரம் முன்னால் நகர்த்தினார்.

இப்படியும் ஒரு பைத்தியமா என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது தெரிகிறது. நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். அவள் திரும்பி வந்தாளா என்று கேட்கத் தோன்றியதா, இல்லை, அந்த வரிச் சலுகை எத்தனை சதவீதம் என்று கதை சொல்கிற இந்த ஆசாமி கடைசிவரை சொல்லவே இல்லையே என்று தோன்றியதா?

சதவீதம்தான் என்றால், வாருங்கள். அவருக்குப் பின்னால் வரிசையில் இன்னும் இடம் இருக்கிறது.